வேகமானி காட்டும் எண்ணை நம்பலாமா? ராமநாதபுரம் கடற்கரையில் சுடுபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

10 மீட்டர் போட்டிக்குரிய ஏர் ரைபிள், 0.53 கிராம் எடையுள்ள தட்டைத்தலை பெல்லட்டை, அதாவது சிறு ஈயக் குண்டை, வினாடிக்கு ஏறத்தாழ 170 முதல் 175 மீட்டர் வேகத்தில் அனுப்பும். அந்த வேகத்தை அளந்து நேற்று வரை 172, 173 என்று காட்டிய வேகமானி இன்று காலை 196 என்கிறது. அடுத்த குண்டுக்கு 158. அதற்கடுத்து எண்ணே இல்லை, பிழைக் குறி மட்டும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் இந்த இடத்தில் செய்யும் முதல் காரியம், ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே காற்றழுத்தம் கிடைக்கச் செய்யும் அழுத்தச் சீராக்கியின் திருகைத் தேடுவது. அந்தத் திருகைத் தொடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மண்டபம், பாம்பன், கீழக்கரை, வாலிநோக்கம் என்று நீளும் இந்தக் கரையில் துப்பாக்கியைக் காட்டிலும் அளக்கும் கருவிதான் முதலில் தடுமாறும். வெயில், வெள்ளை மணல், ஓயாத காற்று, உப்பு ஆகிய நான்கும் சேர்ந்து அதைக் குழப்புகின்றன. ஆகவே, எந்தக் கருவியை வாங்குவது, எதைக் கொண்டு எதைச் சரிபார்ப்பது என்ற முடிவை ஊருக்கு ஏற்றபடி எடுக்க வேண்டும். வெளிநாட்டுப் புல்வெளி மைதானத்துக்கு எழுதிய பரிந்துரையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பணம்தான் போகும்.

எண் தவறினால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, துளை 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. 0.53 கிராம் பெல்லட் 20 ஜூலைத் தொட வினாடிக்குச் சுமார் 275 மீட்டர் வேண்டும். 168 மீட்டரில் அதன் ஆற்றல் ஏழரை ஜூல்தான். ஆகவே போட்டித் துப்பாக்கி வைத்திருப்பவருக்குக் கவலை இல்லை. ஆனால் ஸ்பிரிங் வகைத் துப்பாக்கியில் 260, 270 என்று எல்லையை ஒட்டிச் சுடுபவருக்கு, கருவி செய்யும் ஐந்து சதவீதப் பிழை சட்டத்தின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற கேள்வியாகிவிடும். 270 உண்மையில் 283 ஆக இருந்தால் ஆற்றல் 21 ஜூலைத் தாண்டிவிடுகிறது.

இன்னொன்றையும் இங்கேயே பிரித்து வைக்கிறேன். வெடிமருந்து ரைபிளுக்குக் கையால் தோட்டா நிரப்பிச் சோதிப்பவர்கள் வெளிநாடுகளில் ஏராளம். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். அந்தத் துறையில் எதிர்பாராத வேகம் வந்தால் சந்தேகிக்கும் முறையே வேறு. அங்கே தோட்டா நிரப்பும் கையேடு சொல்லும் உச்ச வேகத்தைத் தாண்டி ஓர் எண் வந்தால், அது உண்மை என்றே எடுத்துக்கொண்டு சுடுவதை உடனே நிறுத்த வேண்டும். வேகம் ஏறியது என்றால் துப்பாக்கியின் தோட்டா அறையில் அழுத்தமும் ஏறியிருக்கலாம், அழுத்தம் ஏறினால் ஆள் உயிருக்கே ஆபத்து. வெயிலில் காய்ந்த தோட்டாவிலும் வேகமும் அழுத்தமும் கூடும். கருவியின் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த தோட்டாவைச் சுடும் உரிமை அங்கே யாருக்கும் கிடையாது. காற்றுத் துப்பாக்கியில் அந்த ஆபத்து இல்லாததால்தான் கருவியை முதலில் சந்தேகிக்கும் வசதி நமக்கு இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கருவிகளை ஒப்பிடுவதற்கு முன், எண்கள் எந்த விதத்தில் தவறுகின்றன என்று பாருங்கள். பத்துக் குண்டில் ஒன்று மட்டும் எங்கோ துள்ளினால் அது பெரும்பாலும் கருவியின் குளறுபடி. எல்லா எண்ணும் ஒரே அளவு கூடியோ குறைந்தோ இருந்தால் கருவியை வைத்த விதத்தில் பிழை, அல்லது டப்பாவில் எழுதிய எடை உங்கள் பெல்லட்டில் இல்லை. சுடச் சுட ஒரே சீராக இறங்கிக்கொண்டே வந்தால் துப்பாக்கியின் காற்று உருளையில் அழுத்தம், சீராக்கியின் அளவுக்குக் கீழே போய்விட்டது. அரைமணி நேரம் ஓய்ந்த பிறகு சுடும் முதல் குண்டு மட்டும் வேகமாகப் போய், பிறகு எல்லாம் பழைய நிலைக்கு வந்தால் சீராக்கியின் அடைப்பு மெல்லக் கசிகிறது. எண்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து, நடுவில் ஒன்றும் இல்லாமல் போனால் வானத்தைப் பாருங்கள், மேகம் வந்து போயிருக்கும். ஸ்பிரிங் துப்பாக்கியில் எண்ணெய் விட்ட மறுநாள் வேகம் தாறுமாறாக ஏறினால், அழுத்த அறையில் எண்ணெய் எரிகிறது என்று பொருள். அது கருவியின் பொய் அல்ல, உண்மையான வேகம்.

ஐந்தே குண்டு சுட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுவதும் பரவலாக இருக்கிறது. ஐந்து குண்டில் திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு, 4 என்று வந்தால், உண்மையான விலக்கம் 2.4 முதல் 11.5 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதே புள்ளியியல் தரும் விடை. இருபது குண்டு சுட்டால் அந்த இடைவெளி 3 முதல் 6 வரை என்று சுருங்கிவிடும். பெல்லட் விலை அதிகம்தான். ஆனாலும் தவறான முடிவால் ஆகும் செலவு அதைவிட அதிகம்.

இனி கருவிகள். பலரிடமும் இருப்பது திறந்த வகை ஒளி வேகமானி. கீழே இரண்டு ஒளியுணரிகள், மேலே கம்பியில் நிற்கும் இரண்டு வெள்ளைத் தடுப்புகள். பெல்லட்டின் நிழல் முதல் உணரியில் விழுந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும், இரண்டாவதில் விழுந்ததும் நிற்கும். உணரிகளுக்கு இடையே 30 சென்டிமீட்டர் என்றால், 175 மீட்டர் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க 1.7 மில்லி வினாடி ஆகும். இவ்வளவு சிறிய நேரத்தை அளக்கும் கடிகாரம் அநேகமாகத் தவறுவதில்லை. தவறுவது நிழல்தான்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே வானம் பளிச்சென்று இருக்கும். காலை எட்டு மணிக்குச் சூரியன் கிழக்கே தாழ்வாக நிற்கும்போது வெளிச்சம் பக்கவாட்டில் வருகிறது. கீழே வெண்மணல் அதை மேல்நோக்கித் திருப்புகிறது. உப்பளத்துப் பாத்தி பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். புதிய ஈயப் பெல்லட்டின் அடிவயிறு அந்த வெளிச்சத்தில் மின்னும். நிழலாக இருண்டு தெரிய வேண்டிய பெல்லட், உணரியின் கண்ணுக்கு வானத்தின் அளவுக்கே வெளிச்சமாகத் தெரியும். முதல் உணரி அதைத் தாமதமாகக் கண்டால் இடைப்பட்ட நேரம் சுருங்கி எண் ஏறும், இரண்டாவது தாமதித்தால் எண் இறங்கும். 196, அடுத்து 158 என்பது இப்படித்தான் வருகிறது. சோதிக்க விரும்பினால் பத்துப் பெல்லட்டின் அடிப்பகுதியைக் கறுப்பு மார்க்கரால் பூசிச் சுட்டுப் பாருங்கள். பூசியவை ஒழுங்காகவும் பூசாதவை தாறுமாறாகவும் வந்தால் துப்பாக்கிக்கு ஒரு குறையும் இல்லை.

காற்றும் தன் பங்குக்குக் கெடுக்கும். மேல் தடுப்புகள் படபடக்கும்போது ஒளி அசைகிறது, உணரி அதையும் நிழல் என்று எடுத்துக்கொள்ளும். தனுஷ்கோடிப் பக்கம் போல மணல் பறக்கும் இடமானால் ஒரு மணல் பொடியே கடிகாரத்தை ஓட்டிவிடும். முக்காலியைத் தரையோடு கட்டி, கருவிக்கு மூன்று பக்கமும் ஓலைத் தட்டியோ கறுப்புத் துணியோ மறைப்பாக வைத்தால் பாதித் தொல்லை தீரும். கீழே மணல் தெரியாதபடி கறுப்பு அட்டை விரிக்கவும். வெயிலுக்குப் பயந்து கூடத்துக்குள் கொண்டுபோனால் வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல்விளக்கும் மலிவான எல்இடியும் வினாடிக்கு 100 முறை மினுங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கம் உணரிக்குத் தெரியும். தனி அகச்சிவப்பு விளக்கு பொருத்திய தடுப்புகள் இருந்தால் மட்டும் உள்ளே பயன்படுத்துங்கள்.

வைக்கும் விதமும் முக்கியம். கருவி ஐந்து டிகிரி சாய்ந்திருந்தால் பெல்லட் கடக்கும் தூரம் கூடி எண் 0.4 சதவீதம் குறையும், பத்து டிகிரி என்றால் 1.5 சதவீதம். மடக்கும் வகையில் கீல் முழுதாக விரியாமல் போய் இடைவெளி 3 மில்லிமீட்டர் சுருங்கினால் எண் ஒரு சதவீதம் கூடும். குழல்முனையிலிருந்து கருவி எவ்வளவு தூரம் என்பதை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வையுங்கள், ஏனெனில் தட்டைத்தலை பெல்லட் ஒவ்வொரு மீட்டருக்கும் வினாடிக்கு ஒன்றிரண்டு மீட்டர் வேகத்தை இழக்கிறது. நேற்று ஒரு மீட்டரில் வைத்து இன்று மூன்று மீட்டரில் வைத்துவிட்டு வேகம் குறைந்தது என்று சொல்வதில் பொருளில்லை. 9 வோல்ட் பேட்டரி இறங்கினாலும் எண் பேத்தும். பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள், உப்புக்காற்றில் அது சீக்கிரம் பூக்கும்.

இவ்வளவு குறை சொல்லியும், ஏற்கெனவே இந்தக் கருவி வைத்திருப்பவர் அதைத் தூக்கிப் போட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நிழலில், காற்று படாத இடத்தில், அளவு மாறாமல் வைத்தால் ஒரு சதவீதத்துக்குள் நிற்கும் நல்ல கருவிகள் உண்டு. புதிதாக வாங்குபவருக்கு மட்டும் இந்தக் கரையில் இதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

அவருக்கு என் பரிந்துரை மூடிய குழாய் வகை. பெல்லட் ஒரு சிறிய சுரங்கம் போன்ற குழாய்க்குள் போகும். உள்ளேயே அகச்சிவப்பு விளக்கும் உணரியும் எதிரெதிரே இருக்கும். வானம், மேகம், மணல் எதுவும் இதைத் தொந்தரவு செய்யாது. சூரியன் நேராகக் குழாய் வாய்க்குள் அடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இதன் பலவீனம் வேறு வகை. உணரிகளுக்கு இடைப்பட்ட தூரம் சில சென்டிமீட்டரே. 6 சென்டிமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் எண் 1.7 சதவீதம் மாறிவிடும். எனவே ஒரு குழாய் காட்டும் 172ம் இன்னொரு குழாய் காட்டும் 175ம் ஒரே வேகமாகவே இருக்கலாம். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் நன்றாகச் சொல்லும், உண்மையான வேகம் துல்லியமாக எவ்வளவு என்று கேட்டால் கொஞ்சம் தயங்கும். குழல்முனையில் மாட்டும் வகையானால் நேராக மாட்டியிருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள், கோணலாக மாட்டினால் பெல்லட் உணரியையே உடைத்துவிடும். இது காற்றுத் துப்பாக்கிக்கு மட்டுமே ஏற்றது.

மூன்றாவது ரேடார். லேப்ரேடார் போன்றவை பல ஆண்டுகளாகவே உண்டு. 2023இல் கார்மின் நிறுவனம் உள்ளங்கையில் அடங்கும் ஒன்றை வெளியிட்ட பிறகு வெளிநாட்டுச் சுடுகளங்களில் பேச்சே மாறிவிட்டது. குழல்முனைக்குப் பக்கத்தில் வைத்தால் போதும், அதற்குள் சுட வேண்டியதில்லை. 24 கிகாஹெர்ட்ஸ் அலை 175 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட்டில் பட்டுத் திரும்பும்போது 28 ஆயிரம் ஹெர்ட்ஸ் மாறுகிறது, அந்த மாற்றத்தைத்தான் கருவி வேகமாக எழுதுகிறது. வெயிலும் மேகமும் அதற்கு ஒன்றுதான். ஆனால் 4.5 மில்லிமீட்டர் பெல்லட் மிகச் சிறிய இலக்கு. வேக எல்லையையும் காற்றுத் துப்பாக்கி முறையையும் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் சில குண்டுகளைப் பிடிக்காமலே விட்டுவிடும். பக்கத்துத் தடத்தில் சுடுபவரின் குண்டை எடுத்துக் காட்டவும் கூடும். விலை குழாய் வகையைவிடப் பல மடங்கு. ரேடியோ அலைக் கருவி என்பதால் வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது சுங்கத்தில் அனுமதிச் சான்று கேட்கலாம். தனி ஆள் ஒருவர் ஒரே துப்பாக்கிக்காக இதை வாங்குவது, என் கணக்கில், அந்தப் பணத்தில் வாங்கக்கூடிய பெல்லட்டை வீணாக்குவது. குழலுக்கு அடியில் கட்டும் காந்த வகை வெடிமருந்து ரைபிளுக்கென்றே செய்தது. ஈயப் பெல்லட்டுக்கு நம்ப முடியாது, விட்டுவிடலாம்.

நான்காவது வழிக்குப் பணமே வேண்டாம். நான் மிகவும் மதிப்பதும் அதைத்தான். 1742இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ் தம் நூலில் விளக்கிய ஊசல் அது. ஒரு சிறிய மரப்பெட்டியில் களிமண்ணை அடைத்து மொத்த எடை 200 கிராம் வரும்படி செய்யுங்கள். ஒரு மீட்டர் நீள நூல் நான்கில் அதைக் கட்டித் தொங்கவிடுங்கள், நான்கு நூல் இருந்தால் பெட்டி திரும்பாமல் நேராக ஆடும். பின்னால் ஓர் அளவுகோலின் மேல் காகிதத் துண்டு ஒன்றை நிறுத்தினால், பெட்டி அதைத் தள்ளிக்கொண்டு போய் உச்சத்தில் விட்டுவிட்டுத் திரும்பும். 0.53 கிராம் பெல்லட் 175 மீட்டர் வேகத்தில் களிமண்ணில் புதைந்தால் பெட்டி 14.8 சென்டிமீட்டர் நகர வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் தவறாகப் படித்தால் வேகத்தில் இரண்டரை மீட்டர் பிழை, அதாவது ஒன்றரை சதவீதம் கூட இல்லை. பேட்டரியும் வெளிச்சமும் இல்லாத ஒரு பெட்டி இவ்வளவு சொல்கிறது.

மூன்று விஷயங்களில் மட்டும் கவனம் வேண்டும். ஊசலை அறைக்குள் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுக் கட்டுங்கள், கடற்காற்றில் அது தானே ஆடும். குழல்முனைக்கும் பெட்டிக்கும் ஒரு மீட்டர் இடைவெளி விட்டு, நடுவே துளையிட்ட அட்டை ஒன்றை நிறுத்துங்கள், பெல்லட்டின் பின்னால் வரும் காற்று பெட்டியைத் தள்ளாது. பெல்லட் எடையை டப்பாவைப் பார்த்து நம்பாமல் இருபதைச் சேர்த்து நகைக்கடைத் தராசில் வைத்து இருபதால் வகுங்கள். அந்தத் தராசில் 10.6 கிராம் வர வேண்டிய இடத்தில் 10.2 வந்தால் உங்கள் குழப்பத்தின் ஒரு பகுதிக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது. பெட்டிக்குப் பின்னால் குண்டு துளைக்காத தடுப்பும், சுடுபவருக்குக் கண்ணாடியும் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

கைபேசியில் ஒலியைப் பதிந்து அளப்பதும் இதே வகை. சுடும் ஒலிக்கும் தகட்டில் படும் ஒலிக்கும் இடையிலுள்ள நேரத்தை எடுத்து, 10 மீட்டரை அதனால் வகுத்தால் சராசரி வேகம். கைபேசியைச் சரியாக நடுவில் வைத்தால் ஒலி பயணிக்கும் நேரம் இருபக்கமும் சமமாகிக் கழிந்துவிடும். கழியும் என்பது அமைதியான ஊருக்கு. இங்கே வினாடிக்கு 10 மீட்டர் காற்று துப்பாக்கியிலிருந்து இலக்கை நோக்கி வீசினால் ஒரு பக்க ஒலி விரைந்தும் மறுபக்க ஒலி தாமதித்தும் வந்து சேரும். வித்தியாசம் 0.8 மில்லி வினாடி, பெல்லட் எடுத்துக்கொள்ளும் சுமார் 60 மில்லி வினாடியில் அது ஒரு சதவீதத்துக்கும் மேல். காற்றுக்குக் குறுக்காகச் சுட்டால் இந்தப் பிழை விலகும். ஒலிவாங்கியின் மேல் பஞ்சோ துணியோ சுற்றாவிட்டால் பதிவில் காற்றிரைச்சல்தான் கேட்கும். ஊசல் கட்ட இடமில்லாதவர்களுக்கு இது போதுமான மாற்று.

ஆக, வீட்டுத் தோட்டத்தில் சுவருக்குள் ஒரு துப்பாக்கியோடு பயிற்சி செய்பவருக்குக் குழாய் வகையும் ஊசலும் போதும். முதலில் ஊசலில் பத்துக் குண்டு, அதே பெல்லட்டில் குழாயில் பத்துக் குண்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குழாயின் மேலேயே எழுதி ஒட்டிவிட்டால் அந்தக் குழாய்க்கு இனி ஒரு அளவு கிடைத்துவிடும். திறந்த வகை ஏற்கெனவே இருந்தால் மறைப்பும் கறுப்பு அட்டையும் செய்துகொண்டு அதே ஊசலோடு ஒப்பிடலாம். பத்துப் பிள்ளைகள், பல துப்பாக்கிகள் என்று நடத்தும் பயிற்சியகத்துக்கு நிலைமை வேறு. ஒவ்வொரு துப்பாக்கியையும் மாதம் ஒருமுறை அளந்து பதிவேட்டில் எழுத வேண்டியிருக்கும். நாள் முழுக்க ஊசலின் காகிதத்தைத் திருத்தி வைக்க அங்கே ஆள் கிடையாது. இரண்டு மூன்று பயிற்சியகங்கள் சேர்ந்து ஒரு ரேடாரை வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது அங்கே நியாயமான செலவு.

ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு முறைகளும் ஒரே தவறான வேகத்தைக் காட்டினால் அப்போதுதான் துப்பாக்கியைத் திறக்க வேண்டும். அப்போதும் முதலில் பெல்லட்டைப் பாருங்கள். மூடி தளர்ந்த டப்பாவில் ஈயம் வெள்ளைப் பொடியாகப் பூத்திருக்கும், விரலில் தேய்த்தால் சாம்பல் ஒட்டும். அந்த டப்பாவைத் தனியே ஒதுக்கி, புதிய டப்பாவில் இருபது குண்டு சுடுங்கள், கையையும் கழுவிக்கொள்ளுங்கள். அதிலும் எண் திருந்தாவிட்டால் குழலைத் துடையுங்கள். பிறகுதான் சீராக்கி. கைப்பம்பில் காற்றடைப்பவர்கள் ஈரவடிகட்டி இல்லாமல் அடைத்திருந்தால், நம் ஊர்க் காற்றின் ஈரம் உருளைக்குள் போய்ச் சீராக்கியின் உலோகத்தைத் தின்றிருக்கும். திருகினால் அது சரியாகாது. உருளையை முழுதாக வெளியேற்றிவிட்டு, அழுத்தக் கருவி பழகிய பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும்போது, இருபது குண்டின் எண்களையும் எந்த முறையில் அளந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள்.